படிக்கட்டில் கழற்றி வைத்த ஷூ

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸ் விடுமுறை முடிகிற நேரத்தில், ரோம் நகரத்தில் ஒரு சின்ன சர்ச் வாசலில் நடந்தது இது. அப்போது நான் ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் சங்கரன்கோவில். அப்பாவுக்கு விசைத்தறியில் வேலை. அம்மா வீட்டில் இருந்தபடியே நைட்டிக்கு ஓரம் அடித்துக் கொடுக்கிறாள். எங்கள் தெருவில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான். அதனால் நான் எங்காவது கிளம்பினால் தெருவே என்னோடு கிளம்பிவிடும், போனில்.

ரோமுக்குப் போகிறேன் என்றதும் அப்படித்தான் ஆனது. அம்மா போனை எடுத்தபோது தெரு முக்கு மளிகைக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். கடைக்கார அண்ணாச்சி போனை வாங்கிக்கொண்டார். எனக்கு அவர் பேச்சு என்றால் உயிர். பொட்டலம் மடித்துக்கொண்டே ஒரு வார்த்தை விடுவார், அது வீடு வரைக்கும் நம்மோடு நடந்து வரும். அன்றைக்கும் ஒன்று விட்டார்.

"மக்கா, வெளியூர்ல பத்துப் பேரு நல்லவனாத்தான் இருப்பான். நம்ம கண்ணுல வந்து விழுதவன் பதினோராவது ஆளு. அவனுக்காகத்தான் சூதானமா இருக்கச் சொல்லுதேன்."

பிறகு அம்மா போனைத் திரும்ப வாங்கி, "பாஸ்போர்ட்டையும் அந்தக் கார்டையும் ஒரே எடத்துல வைக்காத. தபசுக்கு நாம எப்படிப் போவோம், அப்படிப் போ" என்றாள்.

இதற்கு எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கோயிலின் பெரிய திருவிழாவான ஆடித்தபசு அன்றைக்குச் சங்கரன்கோவிலில் தலைக்கு மேல் தலையாகக் கூட்டம் நிற்கும். அம்மா அன்றைக்குத் தாலிச்செயினை ஊக்கு போட்டு ரவிக்கையோடு சேர்த்துக் குத்திக்கொள்வாள். வீட்டுச்சாவி ஒரு இடம், பணம் ஒரு இடம், என் காதிலிருந்து கழற்றிய கம்மல் இன்னொரு இடம். ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சட்டும் என்கிற கணக்கு.

நானும் அப்படியே செய்தேன். பாஸ்போர்ட்டைத் துணிப்பையில் போட்டு ஸ்வெட்டருக்குள் கழுத்தில் தொங்கவிட்டேன். ஜெர்மனியில் தங்கிப் படிக்க அனுமதி தரும் ரெசிடென்ஸ் கார்டை, ஒரு ஏடிஎம் கார்டு அளவுதான் இருக்கும் அது, இடதுகால் ஷூவின் உள்ளே இருக்கும் அட்டையைத் தூக்கி அதற்கு அடியில் வைத்தேன். ஷூ கொஞ்சம் பெரியது, பழைய சாமான்கள் விற்கிற சந்தையில் எடுத்தது. அதனால் கார்டு உறுத்தவில்லை.

கூட வந்தது ஒரே ஒரு தோழிதான். வாசுதேவநல்லூர்க்காரி. ஊரில் இருந்தவரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஜெர்மனியில் ஹாஸ்டல் சமையலறையில் அவள் யாரிடமோ போனில் "இங்கன ஒரே குளிரு" என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டுப் போய் அறிமுகம் ஆனேன். நான் ஷூவுக்குள் கார்டு வைத்ததைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

"ஏட்டி, திருடன் வந்தாலும் ஷூவக் கழட்டிப் பாக்க மாட்டான். நாத்தத்துக்குப் பயந்து ஓடிருவான்."

"அதுக்குத்தாம்டி அங்கன வச்சிருக்கேன்" என்றேன்.

ரோமில் இரண்டு நாள் நன்றாகச் சுற்றினோம். தெருவெல்லாம் கறுப்புக் கல் பதித்திருக்கிறார்கள், மழை ஈரத்தில் சட்டியின் அடிப்பக்கம் மாதிரி மின்னும். தெருவோரத்தில் ஆரஞ்சு மரங்கள், பறிக்க ஆளில்லாமல் பழம் தொங்குகிறது. மூலைக்கு மூலை ஒரு குழாய், மூடவே மூடாமல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்த்து என் தோழிக்குப் பெருமூச்சு தாங்கவில்லை. பெரிய வட்டமான பழங்கால அரங்கத்தை நான் வெளியே சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தபோது, "நூத்தியெட்டு சுத்து வேண்டியிருக்கியாட்டி?" என்று கேட்டாள். தபசு சமயத்தில் எங்கள் கோயிலை நூற்றியெட்டு முறை சுற்றுவதாக நேர்ந்துகொள்கிறவர்கள் உண்டு. அதைத்தான் சொன்னாள்.

இவ்வளவுக்கு நடுவிலும் என் கை பையை விடவில்லை. யார் பக்கத்தில் வந்தாலும், இவர்தான் பதினோராவது ஆளோ என்று ஒரு பார்வை. பஸ்ஸில் ஒரு பெரியவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். அதற்கே சந்தேகப்பட்டேன்.

மூன்றாம் நாள் மாலை ஆறரை மணிக்கு ஜெர்மனிக்குத் திரும்பும் பஸ். நாலு மணிவாக்கில், ஒரு சின்ன சதுக்கத்தைத் தாண்டும்போது, பெயர்ப்பலகை கூட ஒழுங்காக இல்லாத ஒரு சர்ச் கண்ணில் பட்டது. தோழிக்குக் கால் வலி. "நீ போய்க் கும்பிட்டுட்டு வா, நான் அந்த டீக்கடையில உக்காந்திருக்கேன்" என்று எதிரே இருந்த காபிக்கடையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

சர்ச் படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். தலையில் பூப்போட்ட துணி, கீழே விரித்த அட்டைப்பெட்டித் துண்டு, முன்னால் ஒரு காகிதக் கப். அவளைப் பார்த்ததும் தோளில் தொங்கிய பையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டேன். பிறகு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

படிக்கிற நீங்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. நான் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி. அங்கே சர்ச்சுக்குள் செருப்புக்காலோடு ஒருத்தரும் போக மாட்டோம். எங்கள் பக்கத்தில் கோயில், சர்ச், பள்ளிவாசல் எல்லாவற்றுக்கும் காலைப் பொறுத்தவரை ஒரே சட்டம்தான். ரோமின் பெரிய பெரிய சர்ச்சுகளில் வரிசையில் நின்று, முன்னால் போகிறவர்களைப் பார்த்து, மனசில்லாமல் ஷூவோடு போனேன். இந்தச் சின்ன சர்ச்சில் முன்னால் போக ஆள் இல்லை. யாரும் சொல்லித்தராத இடத்தில் கால் தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது.

உள்ளே இருட்டு. நாலைந்து மெழுகுவர்த்தி எரிந்தது. சாக்ஸ் வழியாகத் தரையின் குளிர்ச்சி ஏறியது. ஊரைவிட்டு வந்தபிறகு அப்படி ஒரு கல்தரையைக் கால் தொட்டது அதுதான் முதல்முறை. கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். மனசு கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

வெளியே வந்தேன். ஷூ இல்லை. அந்தப் பெண்ணும் இல்லை. அட்டைத் துண்டு மட்டும் தூறலில் நனைந்துகொண்டிருந்தது.

ஷூ போனது என்று மட்டும்தான் முதலில் நினைத்தேன். இரண்டு படி இறங்கியபிறகுதான் கார்டு ஞாபகம் வந்தது. அந்தக் கார்டு இல்லாமல் பஸ்ஸில் போனால் எல்லைச் சோதனையில் இறக்கிவிடுவார்கள். அடுத்த வாரம் பரீட்சை. புதுக் கார்டுக்கு எங்கே போவது, யாரிடம் போவது, எத்தனை மாதம் ஆகும், எதுவும் தெரியாது. அம்மாவிடம் என்ன சொல்வேன் என்பது மட்டும் மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

ஈரத்தில் சாக்ஸோடு சதுக்கத்தைத் தாண்டி ஓடினேன். தோழி என் காலைப் பார்த்தாள்.

"ஷூ எங்கட்டி?"

"கழட்டி வச்சேன்."

"எதுக்கு?"

"சர்ச்சுக்குள்ள போனம்லா."

அவள் காபிக் கப்பைக் கீழே வைத்தாள். "கார்டு?" என்றாள். நான் அழ ஆரம்பித்தேன்.

இரண்டு பேரும் திரும்ப சர்ச்சுக்கு ஓடினோம். அதைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் வந்தார். அவருக்கு இத்தாலிய மொழி மட்டும்தான். தோழி போனில் மொழிபெயர்ப்பை வைத்துப் பேசினாள். நான் ஏன் ஷூவைக் கழற்றினேன் என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. ஏதோ பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறேன் என்று நினைத்து, என் தோளைத் தட்டிக்கொடுத்தார். படிக்கட்டுப் பெண் தினமும் மாலைப் பூசைக்கு வருகிற கூட்டத்துக்காக உட்காருவாள், இன்றைக்கும் வருவாள், பொறுங்கள் என்றார். எங்களுக்குப் பொறுமை எங்கே இருந்தது? சதுக்கத்தின் மூலையில் ஒரு காவலர் நின்றிருந்தார். இளைஞர், நல்ல ஆங்கிலம் பேசினார். அவரைக் கூட்டிவந்தோம்.

நடந்ததைச் சொன்னேன். ஷூவை இங்கே வைத்தேன். இங்கே ஒரு பிச்சைக்காரப் பெண் இருந்தாள். வெளியே வந்தபோது இரண்டும் இல்லை.

"அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று சொல்கிறீர்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அரைமணி நேரம் காத்திருப்போம், வராவிட்டால் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக்கொடுங்கள் என்றார். சர்ச் கதவோரம் மூன்று பேரும் ஒதுங்கி நின்றோம். தோழி தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் காலடியில் போட்டாள். அதன்மேல் நின்றேன்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பெண் வந்தாள். ஒளிந்து மறைந்து வரவில்லை, சதுக்கத்தின் நடுவிலேயே நடந்து வந்தாள். கூட என் வயதுள்ள ஒரு பெண். அம்மாவும் மகளும் என்று பார்த்தாலே தெரிந்தது, அதே மூக்கு, அதே நடை. மகளின் காலில் என் ஷூ. கையில் ஒரு பாலிதீன் பையில் அவளுடைய பழைய செருப்பு, வார் அறுந்து தொங்கியது.

அம்மாக்காரி என்னைப் பார்த்ததும் மகளிடம் ஏதோ சொல்லிக் கையைக் காட்டினாள். மகள் நாலு எட்டு வேகமாக முன்னால் வந்தாள். நெஞ்சில் கையை வைத்து, முகமெல்லாம் சிரிப்பாக, "கிராட்ஸியே" என்றாள்.

இத்தாலிய மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அது. நன்றி.

அதற்குள் அவள் கண் என் பக்கத்தில் நின்ற காவலரைப் பார்த்துவிட்டது. பிறகு என் சாக்ஸைப் பார்த்தது. அந்தச் சிரிப்பு எப்படி அணைந்தது என்பதை இப்போதும் என்னால் சொல்லமுடியும், ஆனால் சொல்ல மனசு வரவில்லை.

காவலர் கேட்க, அம்மாக்காரி படபடவென்று பேசினாள். படியைக் காட்டினாள், தன் அட்டையைக் காட்டினாள், இரண்டு கையையும் சேர்த்து எதையோ மெதுவாகக் கீழே வைப்பதுபோல் செய்தாள். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஆட்டி, சிரித்துக் காட்டினாள்.

காவலர் எனக்கு மொழிபெயர்த்தார். "இங்கே வருகிறவர்கள் பழைய துணி, ஷூ எல்லாம் தன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவது வழக்கம் என்கிறாள். நீங்களும் ஷூவை ஜோடியாகச் சேர்த்து அவள் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தீர்களாம். அவளைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தீர்களாம். அதனால் கொடுத்ததாக நினைத்து மகளுக்குக் கொண்டுபோனாளாம்."

தோழி என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, நீ சிரிச்சியா?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் கோயில் வாசலில் பூ விற்கும் அக்காக்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கூடைக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றி வைத்து, ஒரு தலையாட்டு, ஒரு சிரிப்பு. 'பாத்துக்கிடுங்கக்கா' என்று வாயால் சொல்லக்கூட வேண்டாம். அவர்கள் பூவைத் தொடுத்துக்கொண்டே கண்ணால் சரி என்பார்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் திரும்பி வரும்போது செருப்பு அங்கேயே இருக்கும். பிறந்ததிலிருந்து செய்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடமும் நான் அதையே செய்திருக்கிறேன். பையை அவளிடமிருந்து மாற்றிப் பிடித்துக்கொண்ட அதே நேரத்தில், ஷூவை அவளிடமே பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

"சிரிச்சேன்" என்றேன்.

"அத போலீஸ்கிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லு இப்ப."

சொன்னேன். அவள் சொல்வது எல்லாம் சரி, தப்பு என்னுடையது, எங்கள் ஊரில் இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். காவலர் அதை அவர்களிடம் சொன்னார். பூக்காரி, கோயில், செருப்பு எல்லாம் அவர் வாயில் எப்படி மாறியதோ தெரியாது.

மகள் படியில் உட்கார்ந்தாள். ஒருவரும் அவளைக் கழற்றச் சொல்லவில்லை. கயிற்றை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி, முனையில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் ஸ்வெட்டர் கையால் துடைத்தாள். இரண்டையும் ஜோடியாகச் சேர்த்து என் முன்னால் வைத்தாள். நான் எப்படி வைத்திருந்தேனோ, அப்படி.

அந்த இடத்தில் நான் கொஞ்சம் நிதானமாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. இடதுகால் ஷூவைப் பிடுங்குகிற மாதிரி எடுத்து, உள் அட்டையைக் கிழித்துத் தூக்கி, கார்டை வெளியே எடுத்தேன். இருந்தது. நிமிர்ந்தபோது அம்மாக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்டை, ஷூவை, என் முகத்தை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதற்காக அங்கே ஒளித்து வைத்தேன், யாருக்குப் பயந்து வைத்தேன் என்பதை மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

காவலர் என் கார்டை வாங்கிப் படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்த்தார். பிறகு, வழக்கமாகக் கேட்கிற தோரணையில், அம்மாக்காரியின் அடையாளப் பேப்பரையும் கேட்டார். நான் புகார் சொல்லாமல் இருந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டார். அவள் குனிந்தாள். பாவாடையைக் கொஞ்சம் தூக்கி, இடதுகால் சாக்ஸுக்குள் விரலை விட்டு, பிளாஸ்டிக் உறையில் நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

இந்த ஊரில் எல்லோரும் தங்கள் பேப்பர் மேலேயே நடக்கிறார்கள் என்று காவலர் சொல்லிச் சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அவள் மட்டும் என்னைப் பார்த்து, உதட்டை ஓரமாக இழுத்து, தோளைக் குலுக்கினாள். என்ன செய்ய, உனக்கும் எனக்கும் இதே பிழைப்புதான் என்று சொன்ன மாதிரி இருந்தது. அவளுக்கு என்மேல் கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

ஷூவை அந்த மகளிடமே கொடுத்துவிட்டு வந்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். கொடுக்கவில்லை. எனக்கு வேறு ஷூ இல்லை, வெளியே குளிர், பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிட்டது. இந்தக் காரணமெல்லாம் உண்மைதான். மாட்டிக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டேன். மகள் தன் பழைய செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. தோழி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

ஓடும்போதே விரல் எதிலோ இடித்தது. பதற்றத்தில் கவனிக்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகு ஷூவைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு ஷூவின் முனையிலும் செய்தித்தாளை மடித்து மடித்து, உருண்டை பிடித்துச் செருகியிருந்தது. எனக்கே பெரிய ஷூ, அந்த மகளுக்கு இன்னும் பெரிதாக இருந்திருக்கும். நடக்கும்போது கழலாமல் இருக்க அடைத்திருக்கிறாள். குளிர்காலம் முழுக்கப் போடலாம் என்று நினைத்துத்தான் அவ்வளவு இறுக்கமாக அடைத்திருப்பாள். அதை எடுத்துவிட்டுக் கொடுக்க அவளுக்கு மறந்துவிட்டது.

தோழி அந்தக் காகித உருண்டைகளைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். திருப்பிக் கொடுக்கும்போது, "தூரப் போட்டுராதட்டி" என்று மட்டும் சொன்னாள்.

போடவில்லை. படிப்பு முடிந்து இந்த ஆடியில் ஊருக்கு வந்தபோது பெட்டியில் அதுவும் வந்தது. அண்ணாச்சி கடைக்குப் போனேன். எனக்கு ஒரு கடலைமிட்டாயை நீட்டிவிட்டு, "என்ன மக்கா, அந்தப் பதினோராவது ஆளு எங்கயாவது தட்டுப்பட்டானா?" என்று கேட்டார்.

"தட்டுப்பட்டுச்சு அண்ணாச்சி. நாந்தான் அது."

"இந்தப் பேச்செல்லாம் அங்கன போயா படிச்ச?" என்று அவர் சிரித்தார். நான் விளக்கவில்லை.

அன்று மாலை அம்மாவோடு கோயிலுக்குப் போனேன். அம்மா பழக்கப்படி ஒரு பூக்கூடைக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். நான் செருப்பை ஜோடியாகச் சேர்த்து வைத்து, குனிந்து, "அக்கா, கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த அக்கா பூத் தொடுப்பதை நிறுத்திவிட்டு, இதை ஏன் சொல்கிறாள் என்பதுபோல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணை என் கால் எந்த யோசனையும் இல்லாமல் நம்பியதும், அதே பெண்ணைக் கேட்ட மாத்திரத்தில் 'ஆமாம், அவள்தான்' என்று என் வாய் காட்டிக்கொடுத்ததும் ஒரே நாளில், ஒரே படிக்கட்டில் நடந்ததை நினைத்தால், செருப்பைக் கழற்றுகிற ஒவ்வொரு வாசலிலும் எனக்கு இன்னும் கூசுகிறது.